கடலில் இறங்குவதற்கு முன்

சிவப்பு நிறத்தில் அச்சிடப்பட்ட பழைய 20 ரூபாய்த் தாளின் பின்புறத்தில் ஒரு கடற்காட்சி உண்டு. முன்னே தென்னைகள் நிற்கும். நடுவே கடல் விரிந்திருக்கும். அப்பால் ஒரு கரைமுனையும் அதன்மேல் ஒரு கலங்கரை விளக்கமும் தெரியும். அது ஓவியரின் கற்பனை அன்று. அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகருக்கு எதிர்க்கரையில் உள்ள நார்த் பே என்னும் வளைகுடாவே அது. 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என்று வழங்கிய அந்நகரின் இன்றைய பெயர் ஸ்ரீ விஜயபுரம். அந்தக் கலங்கரை விளக்கத்தின் கீழே, கரையை ஒட்டிய ஆழமற்ற நீரில், பவளத்திட்டு ஒன்று இருக்கிறது. அந்தத் தாளைக் கையில் வாங்கிக் கொடுத்த கோடிக்கணக்கானோருள், தாம் ஒரு பவளத்திட்டின் வாயிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதை அறிந்தவர் மிகச் சிலரே.

கடற்படையிலோ துறைமுகத்திலோ அஞ்சல்துறையிலோ பணியாற்றும் தந்தைக்கு அல்லது தாய்க்குத் திடீரென ஒரு நாள் மாற்றல் ஆணை வருகிறது. சென்னையிலிருந்து கப்பலில் சென்றால் ஏறத்தாழ மூன்று நாள். வானூர்தியில் சென்றால் இரண்டரை மணி நேரத்துக்குள். புதிய ஊர், புதிய பள்ளி, இந்தி பேசும் தெரு. வந்த ஒரு வாரத்திற்குள் வீட்டிலுள்ள பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: பவளத்தையும் வண்ண மீன்களையும் எங்கே இறங்கிப் பார்க்கலாம்? கேள்வி எளியது. ஆனால் ‘எங்கே’ என்று மட்டும் கேட்பவருக்குக் கடல் பாதி விடைதான் தரும். எந்த மாதத்தில், எந்த நாழிகையில், யாருடைய ஒப்புதலோடு என்பவையும் சேர்ந்தால்தான் விடை முழுமை பெறும். ஒரே இடம் காலையில் கண்ணாடித் தொட்டியாகவும் மாலையில் ஆளை இழுத்துச் செல்லும் ஆறாகவும் இருக்கக்கூடும்.

இருவகை நீந்தல்

கடலுக்குள் பார்க்கும் வழிகள் இரண்டு. முகக்கண்ணாடியும் வாயில் பொருத்திய வளைந்த குழாயும் கொண்டு, நீர்மட்டத்திலேயே குப்புற மிதந்தபடி கீழே நோக்குவது ஒன்று. இதனை ஸ்நார்க்கெலிங் என்பர்; மூச்சுக்குழாய் நீச்சல் எனத் தமிழில் கூறலாம். காற்று அடைத்த உருளையை முதுகில் சுமந்து ஆழத்துக்குச் செல்வது மற்றொன்று. இதுவே ஸ்கூபா முக்குளிப்பு. 1943ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டைச் சேர்ந்த கூஸ்தோ, கான்யான் என்னும் இருவர் இதற்குரிய காற்றுச் சீராக்கியை உருவாக்கினர். செய்தித்தாள்களில் இந்த உருளையை ‘ஆக்சிஜன் சிலிண்டர்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது, அது பிழை. பொழுதுபோக்காக முக்குளிப்போர் பெரும்பாலும் சுமப்பது, வகுப்பறையில் உள்ள அதே சாதாரணக் காற்றைத்தான். மிகுந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருப்பதே வேறுபாடு.

குழாயை இன்னும் நீளமாகச் செய்தால் ஆழத்திலிருந்தே மூச்சு விடலாமே என்று சிறுவர் பலர் எண்ணுவதுண்டு. அது இயலாது. ஒரு மீட்டர் ஆழத்திலேயே நீர் மார்பை நெருக்கத் தொடங்கும். வெளிக்காற்றோ மேலே உள்ள மெல்லிய அழுத்தத்தில்தான் இருக்கும். அந்த நெருக்கத்தை எதிர்த்து விலாத்தசைகளால் காற்றை உள்ளே இழுக்க முடியாது. குழாய் ஒரு முழத்துக்கு மேல் நீளாமல் இருப்பதற்கு இதுவே காரணம். ஆழம் செல்லச் செல்லச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு ஏற்றவாறு காற்றைத் தருவதுதான் சீராக்கியின் வேலை.

வரைபடமும் பருவக்காற்றும்

புதிய ஊருக்கு வந்தவர் முதலில் விரித்துப் பார்க்க வேண்டியது வரைபடம். பவளம் வாழ வெளிச்சம் வேண்டும். பவள உயிரியின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியில் உணவு சமைத்துப் பவளத்துக்கும் ஊட்டுகின்றன. ஆகவே தெளிந்த, ஆழமற்ற, மிதமான வெப்பமுடைய நீரில்தான் பவளத்திட்டு செழிக்கும். ஓடையும் ஆறும் கலக்கும் முகத்துவாரங்களில் சேறு மிகுவதால் வெளிச்சம் குன்றும். அங்கே அலையாத்திக் காடுகள் வளரும். வரைபடத்தில் கழிமுகமும் அலையாத்திக் காடும் காணப்படும் இடங்களைப் பவளம் தேடுவோர் ஒதுக்கிவிடலாம். அவ்விடங்களை ஒதுக்குவதற்கு இன்னொரு வலிய காரணமும் உண்டு. அது பின்னர் வரும்.

அடுத்தது காற்று. அந்தமானுக்கு இரு பருவமழையும் உண்டு. மே மாத நடுவில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் மேற்கு நோக்கிய கரைகளில் அலை உயரும். கிழக்கு நோக்கிய வளைகுடாக்கள் ஓரளவு அமைதியாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வீசும்போது நிலைமை தலைகீழாகும். தமிழ்நாட்டுக் கடற்கரையில் காற்றுக்கு வாடை, கொண்டல், கச்சான் எனத் தனித்தனிப் பெயர் வைத்தமைக்குக் காரணம் பெயர்சூட்டும் ஆர்வம் மட்டும் அன்று. எந்தத் துறையில் இன்று தோணியை இறக்கலாம் என்பது அந்தப் பெயரில் அடங்கியிருந்தது. இரு பருவமழைக்கும் இடைப்பட்ட தை முதல் சித்திரை வரையிலான மாதங்களில் அந்தமான் கடல் மிகவும் தெளிந்திருக்கும். வெளியூர்ப் பயணிகள் கூட்டமாக வருவதும் அப்பொழுதுதான். ஊரிலேயே குடியிருக்கும் குடும்பத்துக்கு ஒரு நன்மை உண்டு: ஐந்து நாள் விடுமுறையில் வந்தவரைப் போல அவசரப்பட வேண்டியதில்லை. இன்று கடல் கலங்கியிருந்தால் அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம். கடலைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். அந்தமான் ஏறத்தாழக் கடலூரின் நேர்கிழக்கே, மிகத் தொலைவில் உள்ளது. கடிகாரம் இந்தியா முழுமைக்கும் ஒன்றே; சூரியன் அவ்வாறு இல்லை. கோடையில் காலை 5 மணிக்கே விடிந்துவிடும். மார்கழியில் மாலை 5 மணி கடந்த சிறிது நேரத்தில் கதிரவன் மறைந்துவிடுவான். தமிழ்நாட்டுப் பழக்கத்தில் ‘நாலரை மணிக்கு வெயில் தணிந்தபின் இறங்கலாம்’ என்று காத்திருப்பவர், கரையேறும்போது இருட்டில் தடுமாற நேரும். கடலுக்குள் ஒளி செங்குத்தாக விழும் முற்பகல் வேளையே அங்கு ஏற்றது.

ஓதக் கணக்கு

கடல் ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. ஏற்றத்தை ஓதம் என்றும் பெருக்கு என்றும், இறக்கத்தை வற்று என்றும் கடற்கரை மக்கள் வழங்குவர். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். எனவே ஒவ்வொரு நாளும் ஏற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 8 மணிக்குக் கடல் நிறைந்திருந்தால் நாளை 8.50க்கு நிறையும். ஒரு வாரம் கழித்து நண்பகலுக்குப் பின் 1.50க்கு நிறையும், அன்று காலை 8 மணிக்குச் சென்றவர் வற்றிய கரையைத்தான் காண்பார். ‘போன ஞாயிறு இதே நேரத்துக்கு மார்பளவு தண்ணீர் இருந்தது, இன்று முழங்காலளவுகூட இல்லையே’ என்று திகைப்பவர் இந்தக் கணக்கை அறியாதவர்.

முழுநிலவு நாளிலும் மறைநிலவு நாளிலும் ஏற்றமும் இறக்கமும் மிகுதி. முழுநிலவை வெள்ளுவா என்றும் மறைநிலவைக் காருவா என்றும் தமிழில் முன்பே பெயரிட்டிருந்தனர். அந்நாள்களில் ஸ்ரீ விஜயபுரத்தில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே ஏறத்தாழ 2 மீட்டர் உயர வேறுபாடு இருக்கும். அவ்வளவு நீரும் ஆறு மணி நேரத்தில் உள்ளே வந்து வெளியே செல்ல வேண்டுமாதலால், தீவுகளுக்கு இடைப்பட்ட குறுகிய வாய்க்கால்களில் நீரோட்டம் கடுமையாகும். எட்டாம் பிறையை ஒட்டிய நாள்களில் வேறுபாடு குறைவு, ஓட்டமும் தணியும். வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டி திதியைக் காட்டுகிறது. ஆகவே அது கடலுக்கும் ஒரு வழிகாட்டியாகிறது. நேரத்தைத் துல்லியமாக அறிய இந்திய நில அளவைத் துறை வெளியிடும் ஓத அட்டவணை உண்டு. அலை உயரத்தையும் கடல் நிலையையும் ஐதராபாத்தில் இயங்கும் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் நாள்தோறும் முன்னறிவிக்கிறது.

ஓதத்தின் பங்கை விளக்க ஷஹீத் தீவைவிடச் சிறந்த சான்று இல்லை. நீல் தீவு என்பது அதன் பழைய பெயர். 2018இல் பெயர் மாறியது. கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறியோர் வாழும் அச்சிறு தீவில் பரத்பூர், லட்சுமண்பூர், சீதாபூர் என ஊர்ப்பெயர்கள் இராமாயணத்தை நினைவூட்டும். பரத்பூர்க் கரையில் பவளத்திட்டு நீர்மட்டத்துக்கு மிக அருகில் இருக்கிறது. நீர் வற்றியபோது அங்கே நீந்த முயன்றால் நீந்துபவரின் வயிறும் முழங்காலும் பவளத்தில் உரசும், இரண்டுக்கும் காயம். எனவே நீர் நிறைந்திருக்கும் வேளையே அங்கு உரியது. லட்சுமண்பூரின் மறுகரையிலோ நேர்மாறு. இயற்கையாக அமைந்த பாறை வளைவு ஒன்று அங்கே நிற்கிறது. கொல்கத்தாவின் நினைவில் குடியேறியோர் அதற்கு ஹவுரா பாலம் என்று பெயரிட்டனர். கடல் வற்றினால்தான் அந்த வளைவு வரை நடந்து செல்ல முடியும். பாறைக்குழிகளில் தங்கிய நீரில் நண்டும் சிறு மீனும் கடல் அட்டையும் காணலாம். கண்ணாடியும் குழாயும் தேவையில்லை. ஒரே தீவு, ஒரே நாள். ஓர் இடத்துக்குரிய நேரம் மற்றோர் இடத்துக்கு ஆகாது.

வலை கிழியும் இடம்

வரைபடமும் அட்டவணையும் சொல்லாதவற்றை மனிதரிடம்தான் கேட்க வேண்டும். கடலடியைக் கண்ணால் காணும் முன்பே கையால் அறிந்தவர் மீனவர். எங்கே வலை அடிக்கடி சிக்கிக் கிழிகிறதோ அங்கே கீழே பாறையோ பவளமோ உண்டு என்பது அவர்கள் இழப்பின் மூலம் கற்ற பாடம். மன்னார் வளைகுடாத் தமிழர் அத்தகைய திட்டைப் ‘பார்’ என்பர். முத்துச்சிப்பி விளைந்த திட்டு முத்துப்பார். ‘பாறை’ என்று ஒரு மீனவர் சொன்னால் கல்லைத்தான் குறிக்கிறார் என்று கொள்ள வேண்டியதில்லை. அது ஒரு மீனின் பெயருமாகும். நடுக்கடலில் ஒரு பாரைத் திரும்பக் கண்டுபிடிக்க, கரையில் உள்ள மரம் ஒன்று பின்னுள்ள குன்றோடு ஒரே கோட்டில் வருவதையும், வேறு திசையில் ஒரு கோபுரமோ பாறைமுனையோ அவ்வாறு பொருந்துவதையும் நினைவில் கொள்வர். இரு கோடுகள் வெட்டும் இடமே பார். செயற்கைக்கோள் கருவிகள் வருமுன் கடலின் வரைபடம் இவ்வாறு மனத்தில்தான் இருந்தது.

ஸ்வராஜ் தீவு எனப்படும் ஹேவ்லாக் தீவை அடுத்த கடலில் முக்குளிப்போர் போற்றும் இடங்கள் பல உள்ளன. அவற்றுள் ஜானிஸ் கார்ஜ், டிக்சன்ஸ் பினக்கிள் என்னும் இரண்டும் கரேன் இனத்தைச் சேர்ந்த உள்ளூர் முக்குளிப்போரின் பெயரால் வழங்குகின்றன. கரேன் மக்களும் அந்தமானுக்குப் புதிதாக வந்தவர்களே. 1925ஆம் ஆண்டு பர்மாவிலிருந்து ஆங்கிலேயரால் அழைத்து வரப்பட்டு, மாயாபந்தர்ப் பகுதியில் காடு திருத்திக் குடியமர்ந்தனர். சில தலைமுறைக்குள் அக்கடலின் ஆழங்களை மற்றவர்க்குக் காட்டித்தரும் அளவுக்கு அறிந்தோராயினர். இன்று வரைபடத்தில் அவர்களுடைய பெயர்கள் நிற்கின்றன. இவ்விரண்டு இடங்களும் கரையிலிருந்து விலகி, ஆழம் மிகுந்த நீரில் உள்ளன. தேர்ந்தவர்க்கு மட்டும் உரியவை.

கேட்பதிலும் ஒரு முறை உண்டு. ‘அங்கே நன்றாக இருக்குமா?’ என்று கேட்டால், விருந்தினர் மனம் கோணாதபடி ‘நன்றாக இருக்கும்’ என்றே பெரும்பாலோர் சொல்வர். படகுக்கு ஆள் சேர்ப்பவர் சொல்லும் விடை அதைவிட இனிமையாக இருக்கும். பயன் தரும் கேள்விகள் வேறு. எந்த மாதங்களில் அங்கே தோணி செல்லாது? நீர் வற்றும்போது ஓட்டம் எந்தப் பக்கம் இழுக்கும்? இறங்கிய இடத்தில் ஏற முடியாவிட்டால் வேறு எங்கே ஏறலாம்? அண்மையில் நீங்கள் அங்கே இறங்கியது எப்போது? இவற்றுக்குத் தயங்காமல் விடை சொல்பவரே அந்தக் கடலை அறிந்தவர். ஒருவரிடம் கேட்டதை மற்றொருவரிடமும் கேட்பது தவறாகாது.

ஸ்ரீ விஜயபுரத்தின் ஜங்லிகாட் மீன்பிடித் துறையிலும் அபர்தீன் கடைத்தெருவிலும் வங்காளம், தெலுங்கு, இந்தி ஆகியவற்றோடு தமிழும் காதில் விழும். தமிழகக் கரையிலிருந்து வந்து இரண்டு, மூன்று தலைமுறையாக வாழ்வோர் பலர். புதிதாக வந்த பிள்ளை தயங்கித் தயங்கியேனும் தமிழில் ‘ஐயா, இப்போது பெருக்கா வற்றா?’ என்று கேட்டால், இந்தியில் கேட்பவர்க்குக் கிடைக்காத நீண்ட விடை கிடைப்பதுண்டு. நகரில் உள்ள சமுத்ரிகா என்னும் கடற்படை அருங்காட்சியகத்தைக் கடலில் இறங்குமுன் ஒருமுறை பார்ப்பதும் நன்று. பெயர் தெரிந்த மீனைக் கடலில் கண்டால் கண் நிற்கும். தெரியாததைக் கண்டால் வெறும் வண்ணமாகக் கடந்துவிடும்.

அடைத்த கதவுகள்

விரும்பிய இடத்தில் எல்லாம் இறங்க உரிமை இல்லை. நகரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் வண்டூர் என்னும் இடத்தில் மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா 1983ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. அதில் 15 தீவுகள் அடங்கும். அவற்றுள் பயணிகளுக்குத் திறப்பவை ஜாலிபாய், ரெட்ஸ்கின் என்னும் இரண்டே. அவையும் ஒன்றாகத் திறப்பதில்லை. ஆண்டின் ஒரு பகுதியில் ஒன்றும் மறுபகுதியில் மற்றொன்றுமாக மாறி மாறித் திறக்கப்படுகின்றன. தரிசு விட்ட நிலம் வளம் பெறுவதைப் போல, மிதிபடாத காலத்தில் பவளம் தேறுகிறது. வனத்துறையின் நுழைவுச்சீட்டு வேண்டும். நெகிழிப் பொருள்களுக்குத் தடை உண்டு. உயிருள்ளதாயினும் உடைந்து கரையில் கிடப்பதாயினும் பவளத்தை எடுத்து வருதல் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். வானூர்தி நிலையச் சோதனையில் பையிலிருந்து பவளத்துண்டை எடுத்து வைக்கும்படி ஆவது, ஊருக்குப் பரிசு கொண்டுசெல்ல எண்ணியவர்க்குப் பெரும் இடர்.

பழங்குடியினர்க்கு ஒதுக்கிய பகுதிகளின் கடலும் அவ்வாறே. வட சென்டினல் தீவைச் சுற்றி 5 கடல் மைல் வரை எவரும் நெருங்கலாகாது. அங்கே பவளம் எவ்வளவு அழகாக இருக்கும் என்னும் பேச்சுக்கே இடமில்லை. அது அத்தீவினரின் கடல்.

காலமும் கதவை அடைப்பதுண்டு. 2004 திசம்பர் 26 அன்று நிகழ்ந்த நிலநடுக்கத்தில் வட அந்தமானின் மேற்குக் கரை 1 மீட்டருக்கும் மேலாக உயர்ந்தது. நீருக்கடியில் இருந்த பவளத்திட்டுகள் வெயிலில் வெளிப்பட்டு மாண்டன. தெற்கிலோ நிலம் தாழ்ந்தது. ஸ்ரீ விஜயபுரத்தை அடுத்த சிப்பிகாட்டில் வயல்களுக்குள் கடல் வந்து தங்கியது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடானபோது, பவளங்கள் தம்முள் வாழ்ந்த பாசிகளை வெளியேற்றி வெளுத்துப் போயின. வெளுப்பு நீடித்தால் உணவின்றிப் பவளம் இறக்கும். ஆகையால் பத்து ஆண்டுக்கு முன் ஒருவர் எடுத்த ஒளிப்படத்தை நம்பி இன்று ஓர் இடத்தைத் தேர்ந்தெடுப்பது சரியன்று. அண்மையில் இறங்கியவரைக் கேட்க வேண்டும் என்று முன்னர்க் கூறியதன் காரணம் இதுதான்.

முதலையும் மூச்சும்

அலையாத்திக் காட்டுப் பக்கம் செல்லலாகாது என்பதற்கான மற்றொரு காரணம் உவர்நீர் முதலை. ஆற்று முதலையைப் போல் அது ஆற்றோடு நிற்பதில்லை; கழிமுகத்திலிருந்து கடலில் நீந்தி அடுத்த தீவுக்கும் செல்லும். 2010 ஏப்ரல் மாதத்தில் ஸ்வராஜ் தீவின் ராதாநகர்க் கடற்கரையை அடுத்த சிறு வளைகுடாவில் மூச்சுக்குழாயுடன் நீந்திக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பயணி ஒருவர் முதலையால் தாக்கப்பட்டு உயிரிழந்தார். நீர் தெளிவாக இருந்தது, பவளம் இருந்தது, கூட்டமும் அதிகம் இல்லை என்பதெல்லாம் ஓர் இடத்தைப் பாதுகாப்பானதாக்கிவிடா. வண்டூர் முதலிய கரைகளில் முதலை எச்சரிக்கைப் பலகைகள் உள்ளன. பலகை இருக்கும் இடத்தில் நிழற்படத்துக்காகக்கூட முழங்கால் அளவு நீரில் இறங்கலாகாது. விடியற்காலையும் அந்தியும் இருட்டும் முதலையின் வேளைகள். கூட்டம் இல்லாத ‘தனிக் கரை’ ஒன்றைத் தாமே கண்டுபிடிக்க விரும்பும் ஆர்வம் புதியவர்க்கு இயல்பு. அந்தமானில் ஒரு கரையில் ஆள் இல்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கும். காரணத்தைக் கேட்டறியும் வரை அங்கே செல்லாதிருப்பதே அறிவுடைமை.

மற்ற ஊறுகள் இதைவிடச் சிறியவை, ஆனால் அடிக்கடி நிகழ்பவை. கல்லைப் போலவே கிடக்கும் கல்மீனின் முதுகுமுள்ளில் நஞ்சு உண்டு. சிங்கமீனின் துடுப்பிலும் அவ்வாறே. எதையும் தொடாமல், எதன்மீதும் நிற்காமல் மிதப்பவர்க்கு இவற்றால் அச்சமில்லை.

உடலைப் பற்றிய செய்திகள் சில. நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. இறங்கும்போது காது அடைக்கும். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிச் சமன்செய்ய வேண்டும். சளி பிடித்த நாளில் இது இயலாது. அன்று கரையில் அமர்வதே சரி. ஏறும்போது இதற்கு மாறான இடர். 10 மீட்டர் ஆழத்தில் உருளைக் காற்றால் நிறைந்த நுரையீரல், மேல்மட்டத்துக்கு வரும்போது இருமடங்கு இடம் கேட்கும். மூச்சை அடக்கியபடி ஏறினால் நுரையீரல் கிழியக்கூடும். ஸ்கூபாவின் முதல் விதி மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது. பழைய முத்துக்குளிப்போர்க்கு இந்த இடர் இல்லை. அவர்கள் கரைக்காற்றை நெஞ்சில் நிறைத்துக்கொண்டு, கல்லின் எடையால் இறங்கி, தோணியில் கயிறு பிடித்திருப்பவர் இழுக்க மேலே வந்தனர். கொண்டு சென்ற காற்றே திரும்பி வந்தது. கயிறு பிடிப்பவர் யார் என்பதில்தான் அவர்கள் உயிர் இருந்தது. இன்றைய முக்குளிப்பில் இருவர் இருவராகவே இறங்க வேண்டும் என்னும் விதிக்கும் அப்பழைய கயிற்றுக்கும் உறவு உண்டு.

பயிற்சி தரும் அமைப்புகள் பொதுவாக 10 வயது நிறைந்தோரையே ஸ்கூபா கற்கச் சேர்க்கின்றன. முதன்முறை அறிமுகமாக இறங்குவோரைப் பயிற்றுநர் கைப்பிடித்தே அழைத்துச் செல்வார். 12 மீட்டருக்குக் கீழே செல்வதில்லை. அடிப்படைச் சான்றிதழ் பெற்றோர்க்கு 18 மீட்டர் எல்லை. மூச்சுக்குழாய் நீச்சலில் நன்கு பழகியபின் ஸ்கூபாவுக்குச் செல்வதே முறை. முகக்கண்ணாடிக்குள் நீர் புகுந்தால் பதறாமல் இருக்க அங்கேதான் கற்க முடியும். இன்னொன்று: ஆழத்தில் இருந்தவரின் குருதியில் நைட்ரஜன் கரைந்திருக்கும். அது வெளியேறுமுன் உயரத்தில் பறந்தால் குமிழியாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். முக்குளித்தபின் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே வானூர்தி ஏற வேண்டும் என்பர். கோடை விடுமுறைக்குச் சென்னை செல்ல மறுநாள் காலை வானூர்தி. இன்று மாலை ஒருமுறை இறங்கிவிடலாம் என்று திட்டமிடும் குடும்பங்கள் இதைக் கருத வேண்டும்.

பிற கரைகளில்

அந்தமானிலிருந்து அடுத்த மாற்றல் வேறு கடலுக்கு ஆகலாம். கேள்விகள் அவையே, விடைகள் மாறும். கர்நாடகத்தின் முருதேசுவரத்துக்கு அப்பால், கடலினுள் உள்ள நேத்ராணித் தீவைச் சுற்றித் தெளிந்த நீர் உண்டு. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் அங்கே படகு செல்லாது. மகாராட்டிரத்தின் மால்வணில் சிந்துதுர்க் கோட்டையை ஒட்டி முக்குளிப்போர் உள்ளனர். அந்தமான் நீரைக் கண்டவர்க்கு அங்குள்ள கலங்கல் முதலில் ஏமாற்றமாக இருக்கும், ஆனால் கோட்டைச் சுவரின் அடியில் மீன்கள் கூடுவது தனி அழகு.

குசராத்தின் ஜாம்நகருக்குச் செல்லும் பிள்ளைகளோ கண்ணாடியையும் குழாயையும் பெட்டியிலேயே வைத்துவிடலாம். கச்சு வளைகுடாவில் 1982ஆம் ஆண்டு அமைந்த கடல்சார் தேசியப் பூங்கா இந்தியாவிலேயே முதலாவது. அங்கே ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு அந்தமானைவிடப் பன்மடங்கு மிகுதி. நராரா என்னும் இடத்தில் கடல் வற்றியதும் பவளத்திட்டு வெளிப்பட்டு நிற்கும். பழைய காலணியை அணிந்துகொண்டு வழிகாட்டியின் பின்னே கணுக்கால் நீரில் நடந்தே பவளத்தையும் கடற்சாமந்தியையும் நண்டையும் காணலாம். வழிகாட்டியின் ஒரு கண் திட்டிலும் மறுகண் கடிகாரத்திலும் இருக்கும். நீர் திரும்பும் வேளை வந்ததும் அவர் கையசைப்பார். அப்போது எவ்வளவு அரிய உயிரினத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் எழுந்து கரையை நோக்கி நடக்க வேண்டும்.